வடிவுக்குப் போட்ட இலை

ஜூன் 3, திங்கள்

இன்றோடு நான் சிஸ்டர் இல்லை. வாசலில் பலகை மாட்டிவிட்டார்கள். எப்சிபா ஆசீர், இயற்கை உணவு ஆலோசகர். பெயருக்குக் கீழே அஞ்சல் வழியில் படித்து வாங்கிய பட்டயம். அவசர சிகிச்சைப் பிரிவில் வருடக்கணக்காக ஓடிய கால்கள், ஒரு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்ததற்கே வீங்கிவிட்டன.

மையத்தை நடத்தும் டாக்டர் பாமா மெல்லப் பேசுகிறவர். "இங்க யாரும் ஓட வேண்டாம் எப்சி. வர்றவங்க எல்லாம் சொந்தக் கால்ல நடந்து வர்றவங்க" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் ஆள் கதவைத் திறந்ததுமே உதட்டு நிறத்தைப் பார்த்தேன், கழுத்து நரம்பைப் பார்த்தேன், மூச்சை எண்ணினேன். பாவம், அவர் வந்தது தொப்பை குறைக்க.

கிளம்பும்போது "வாரேன் மேடம்" என்றார். "சரி, போங்க" என்றேன். பழைய இடத்தில் யாரையும் "வாங்க" என்று வழியனுப்ப மாட்டோம், நாக்கு அப்படியே பழகிவிட்டது. டாக்டர் பாமா அடுத்த அறையிலிருந்து கேட்டுவிட்டுச் சிரித்தார். "இங்க வாங்கன்னு சொன்னாத்தான்மா பொழப்பு."

ஜூன் 7, வெள்ளி

பயறு முளைகட்டினேன். மார்க்கெட்டில் பிரண்டை இளசாகக் கிடைத்தது. ராகிக் களியைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் ஆசீர், தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கணக்குப் பரீட்சைத் தாளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். கடைசியில் தட்டோடு எழுந்து போய் அவரே முட்டை பொரித்துக்கொண்டார்.

பாத்திரம் கழுவும்போது கல்யாண மோதிரம் கழன்று விழுந்தது. சோப்பு வழுக்கல். எடுத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

வெள்ளரிச் சாறு. ஆசீர் "சாப்ட்டியா?" என்றார். ஆச்சு என்றேன்.

ஜூன் 21, வெள்ளி

டவுனிலிருந்து ஒருவர் வந்தார். குற்றாலலிங்கம், தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதை ஒட்டிய வயது, நெற்றியில் விபூதி, தேய்த்துக் கட்டின வேட்டி. சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறார். வயிற்று எரிச்சல், வாய்வு, முட்டி வலி. சமையல் யார் என்று கேட்டேன். "நான்தான் சிஸ்டர். எழுதித் தாங்க, அப்படியே செய்துருதேன்" என்றார்.

இங்கே எல்லோரும் என்னை மேடம் என்கிறார்கள். இவர் மட்டும் வந்ததிலிருந்து சிஸ்டர். வயதானவர்களுக்கு வெள்ளைச் சுவர் இருக்கிற இடமெல்லாம் ஆஸ்பத்திரிதான்.

நிதானமாக உட்கார்ந்து எழுதினேன். சர்க்கரைக்குப் பாகற்காய், வாழைக்காய், கொத்தவரங்காய். மூட்டுக்குப் பிரண்டைத் துவையல். எலும்புக்கு எள். பருப்பு என்றால் பாசிப்பருப்பு மட்டும். வயிறு எரிவதால் மிளகாய் வேண்டாம், மிளகு போதும். வாய்வுக்காக வெங்காயமும் பூண்டும் கூடாது. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு பெருமை.

அவர் வாங்கிப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு எழுந்து நின்று, சின்னப் பெண்ணான என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜூன் 22, சனி

நான் அவரை முன்னே பின்னே பார்த்ததில்லை. டவுனில் அந்த ஜாடையில் நூறு பேர் இருப்பார்கள்.

ஜூன் 28, வெள்ளி

குற்றாலலிங்கம் வந்தார். முகத்தில் தெளிவு. "ஒரு நாள் விடல சிஸ்டர். ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துக்கிடுச்சு" என்றார்.

ரெண்டு பேர் என்றாரே. மகள் சென்னையில் இருப்பதாகச் சொன்னார், லீவில் வந்திருக்கிறாள் போல. நான் கேட்கவில்லை.

இன்று கண்ணாடி ஜன்னல் துடைத்தேன், மிக்சியைப் பழுதுக்குக் கொடுத்தேன், ரவிக்கை இரண்டைப் பிடித்துத் தைக்கச் சொல்லித் தையல்காரியிடம் கொடுத்தேன். "என்னக்கா, இப்படி வத்திட்டீய" என்றாள். இந்தத் தொழிலில் இருக்கிறவள் குண்டாக இருந்தால் யார் நம்புவார்கள் என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன். எழுதினால் கனம் குறையும் என்று ஆசீர் சொல்கிறார்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒரு அம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். தலைக்குக் குளித்து ஈரம் காயாத முடி. விரிப்பெல்லாம் சீயக்காய் மணம். கூட வந்த கணவரிடம் பெயர் கேட்டேன். "வடிவு" என்றார். டாக்டரும் நானும் இன்னும் இரண்டு பேரும் செய்ய வேண்டியது அத்தனையும் செய்தோம். ஒன்றைக்கூட விடவில்லை, எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

அவர் திரைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். "அவ காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. கண்ணு முழிச்சதும் பசிக்கும். இட்லி வாங்கிட்டு வந்துருதேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. டாக்டர் சொன்னார். அவர் அழவில்லை. இலைப் பொட்டலத்தை என் முன்னால் நீட்டி, "இத என்ன செய்ய, சிஸ்டர்?" என்று கேட்டார்.

அதற்குள் அடுத்த ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. போனேன். போகத்தான் வேண்டும், அந்த இடத்து வேலை அப்படி. சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டவர்களின் கேள்வியெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. சத்தமே இல்லாமல் கேட்ட இது மட்டும், தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்ந்தால் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. அதனால் ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை. பழம் சாப்பிட்டால் கேட்பதில்லை.

எழுதிவிட்டேன். கனம் அப்படியேதான் இருக்கிறது. ஆசீருக்கு என்ன தெரியும்.

ஜூலை 12, வெள்ளி

இன்றைக்குக் குற்றாலலிங்கத்திடம் சொல்லிவிடுவது என்று போனேன். உங்களை எனக்குத் தெரியும், அன்றைக்கு நான் அங்கே இருந்தேன் என்று. அவர் எதிரில் உட்கார்ந்து, "பிரண்டைய நெய்யில வதக்கினா நாக்கு அரிக்கல சிஸ்டர்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் கை வைக்க மனம் வரவில்லை.

ஜூலை 19, வெள்ளி

சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று டாக்டர் பாமாவுக்கு ஏக மகிழ்ச்சி. குற்றாலலிங்கத்தின் படத்தைச் சுவரில் மாட்டலாமா என்கிறார். என் படத்தையும் பக்கத்தில் மாட்ட வேண்டுமாம், நான்தான் நடமாடும் விளம்பரமாம்.

எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி வரவில்லை. அவர் சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே என் கையே போகும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார், மேலுதட்டில் வேர்வை. மெலிகிற உடம்புக்குப் பழைய அளவு மாத்திரை அதிகம், உங்கள் டாக்டரைப் பார்த்து உடனே குறைக்கச் சொல்லுங்கள் என்றேன். வேண்டாம் என்பதற்கு ஆட்டுகிற மாதிரி சரியென்று தலையை ஆட்டினார்.

"மாத்திரை போட்டா நேரத்துக்குச் சாப்பிடுதீயளா?"

"அது நம்ம கையில இல்லல்லா சிஸ்டர்" என்றார்.

என்ன பதில் இது. பஸ் ஏறி வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 26, வெள்ளி

இன்னும் மெலிவு. டாக்டரைப் பார்க்கவில்லை. திட்டினேன். சிரித்தார். வாழைக்காய் விலை ஏறிவிட்டது என்றார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

வரவில்லை. போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆசீர் அயிரைமீன் குழம்பு வைத்து, எனக்கென்று தனியாகத் தட்டில் எடுத்து வைத்திருந்தார். சாப்பிட்டதாகச் சொல்லிப் பூனைக்கு வைத்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

குற்றாலலிங்கத்தின் மகள் உமா சென்னையிலிருந்து மையத்துக்குப் போன் செய்தாள். எடுத்த எடுப்பில் கோபம்.

"நீங்கதான் எங்கப்பாவுக்குத் திதிச் சமையல் எழுதிக் குடுத்தவங்களா?"

நான் எழுதியது சர்க்கரைக்கான உணவுமுறை என்றேன்.

"வாழைக்காய், பாகற்காய், கொத்தவரங்காய், பிரண்டைத் துவையல், பாசிப்பருப்பு, எள்ளு. மிளகாய்க்குப் பதிலா மிளகு. வெங்காயம் பூண்டு கிடையாது. இது செத்தவங்களுக்குப் படைக்கிற சாப்பாடு மேடம். எங்க வீட்டுல திதி அன்னைக்கு மட்டும்தான் இப்படிச் சமைப்போம். வருஷத் திதிக்கே இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல கெடக்கு. அவரு தினமும் சமைச்சு அம்மாவுக்கு ஒரு இலை போடுறாரு."

எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் கிடையாது. செத்தவர்களுக்குக் கல்லறையில் பூ வைப்பதோடு சரி, சோறு வைக்கிற வழக்கமில்லை. பாகற்காய் எனக்குப் பாகற்காய்தான்.

உமா இப்போது அழுதாள். "காக்காய்க்கு வச்சு, அது வந்து எடுத்தாத்தான் அம்மா சாப்பிட்டான்னு அவரு சாப்பிடுவாராம். வரலன்னா அன்னைக்குப் பட்டினி. காலையில மாத்திரைய மட்டும் போட்டுக்கிறாரு. பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் தெரியும். கேட்டா, ஆஸ்பத்திரி சிஸ்டர் எழுதிக் குடுத்தாங்க, அம்மா அவங்க கிட்டதான சொல்லிட்டுப் போயிருப்பாங்கிறாரு. எங்கம்மாவ உங்களுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு ஆடி அமாவாசை வேற. எனக்கு ட்ரெயின் திங்கக்கிழமைதான்."

நாளைக்கு நானே போய்ப் பார்க்கிறேன் என்றேன். வைத்துவிட்டேன்.

கம்ப்யூட்டரில் என் மற்ற ஆட்களின் உணவுப் பட்டியலையெல்லாம் திறந்து பார்த்தேன். வாழைக்காய். பாகற்காய். பிரண்டை. எள். எல்லாருக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஊர் முழுக்க எத்தனை வீட்டில் எத்தனை பேருக்கு நான் திதிச் சமையல் வைத்துக்கொண்டிருக்கிறேனோ. சாவை அந்தக் கட்டிடத்திலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். கையோடு கொண்டுவந்து கரண்டியால் பரிமாறியிருக்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது, இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. சபைக் கோயிலில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கி, கடைசிப் பாட்டு முடியுமுன்னே எழுந்துவிட்டேன். ஆசீரிடம் ஒரு பேஷண்டைப் பார்க்க வேண்டும் என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. பட்டுச்சேலையோடு ஆட்டோவில் டவுனுக்குப் போனேன். சர்க்கரை பார்க்கும் மெஷின் கைப்பையில் இருந்தது. அதை மட்டும் நான் எப்போதும் வெளியே எடுத்து வைப்பதில்லை.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மிளகும் நெய்யும் மணத்தது. கூடத்தில், மாலை போட்ட வடிவின் படத்துக்கு முன்னால் ஒரு தலைவாழை இலை, எல்லாம் பரிமாறி இருந்தது. அதற்கு எதிரே இன்னொரு இலை, காலியாக. படத்தில் முடி காய்ந்து, படிய வாரியிருந்தது. நான் அந்த முகத்தைக் காய்ந்த முடியோடு பார்த்ததே இல்லை.

குற்றாலலிங்கம் பின்கட்டு முற்றத்தில் நின்று "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் எழவில்லை. மதில்மேல் வைத்த சோற்று உருண்டை வெயிலில் காய்ந்துபோயிருந்தது. இன்று ஊரில் எல்லா வீட்டிலும் அமாவாசைச் சோறு. வயிறு நிறைந்த காக்கை இந்த மதிலுக்கு எதற்கு வரும்?

"வாங்க சிஸ்டர். கொஞ்சம் பொறுங்க, இன்னும் வரல" என்றார். சொல்லும்போதே நாக்கு குழறியது. வேட்டி முழுக்க வேர்வை. கை நடுக்கம் எட்டி நின்ற எனக்கே தெரிந்தது. பிடித்து உட்காரவைத்து விரலில் குத்திப் பார்த்தேன். பழைய இடமாக இருந்தால் இந்நேரம் நாலு பேரைக் கூப்பிட்டிருப்பேன்.

"ஐயா, சர்க்கரை ரொம்ப இறங்கிட்டு. பாயசம் வச்சிருக்கீயள்லா, அத ஒரு டம்ளர் உடனே குடிங்க."

"அவ வாய் வைக்காம நான் எப்படி வைக்க?"

"ஐயா, நான் எழுதினது சுகருக்கு. வாய்வுக்கும் முட்டி வலிக்கும். எங்க ஆளுகளுக்குத் திதியே கிடையாது. எனக்கு ஒண்ணுமே தெரியாது. தப்பு நடந்துபோச்சு."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உண்மையாகவே எனக்காகத்தான் பரிதாபப்பட்டார். "அன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்லா, இத என்ன செய்யன்னு. ஜோலியில போயிட்டீய. நான் கோவப்படல. பொறவு விசாரிச்சு விசாரிச்சு உங்க மையத்துக்கு வந்து பிடிச்சேன். உக்காந்ததும் நான் அதக் கேக்குமுன்னே எழுதித் தந்துட்டீயளே. உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும். அவளுக்குத் தெரியும்."

முதல் நாளே தெரிந்திருக்கிறது அவருக்கு. முதல் நாளிலிருந்தே நான் அவருக்குச் சிஸ்டர்தான்.

இதோடு வாதாட எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் வருவதற்குள் மயங்கிவிடுவார். வலுக்கட்டாயமாக வாயில் ஊற்றினால் புரையேறும். மதிலைப் பார்த்தேன். காக்கை இல்லை. அவசரத்தில் எது கைக்குக் கிடைக்கிறதோ அதுதான் மருந்து. அங்கே அப்போது கிடைத்தது நான் ஒருத்திதான்.

வடிவின் இலைக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

படைத்ததைத் தொடக் கூடாது என்று சண்டே ஸ்கூலில் இருந்து படித்தவள். திருவிருந்தின் ருசி இன்னும் நாக்கில் இருந்தது. ஆண்டவரே, மன்னித்தாலும் மன்னியும், மன்னிக்காவிட்டாலும் இந்த ஆள் பிழைக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு சோற்றில் கை வைத்தேன்.

"நான் சாப்பிடுதேன். பாத்துக்கிட்டே நீங்க பாயசத்தக் குடிங்க."

முதல் கவளம் உள்ளே போனது. அவர் என் வாயைப் பார்த்தார். இரண்டாவது போனது. அவர் டம்ளரை எடுத்தார். பாதி சிந்தியது, பாதி குடித்தார். நான் ஒரு கண்ணை அவர்மேல் வைத்தபடி தின்றேன். பாகற்காய் கசக்கவில்லை, வெல்லம் போட்டு வதக்கியிருந்தார். பருப்பில் நெய் மிதந்தது. எத்தனை மாதமாக நான் இப்படிச் சோறு தின்னவில்லை என்று கைக்குத்தான் தெரிந்தது. அது என்னைக் கேட்காமலே பிசைந்து, எடுத்து, வாய்க்குக் கொண்டுபோனது. காதில் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நான் அழுதுகொண்டே தின்றேன்.

"மெதுவாத் தின்னு, விக்கும்" என்றார்.

அவர் என்னிடம் ஒருமையில் பேசியதே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, இலையில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் டம்ளரைக் கீழே வைத்திருப்பார். அதனால்தான் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு" என்று கேட்டேன். அவர் எழுந்தார், சுவரைப் பிடித்தபடி வந்து போட்டார், பிறகு எதிரே தன் இலையில் உட்கார்ந்து தானும் போட்டுக்கொண்டு தின்னத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி விரலில் குத்திப் பார்த்தேன். ஏறியிருந்தது. பேச்சும் தெளிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் பழைய சிஸ்டராகவே பேசினேன். செவ்வாய்க்கிழமை உமாவோடு போய் டாக்டரைப் பார்த்து மாத்திரையைக் குறைக்க வேண்டும். காலையில் எழுந்ததும் சாப்பிட வேண்டும், காக்கை வந்தாலும் வராவிட்டாலும். தினம் தினம் திதி கூடாது. என் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இந்த முறை சரியென்றுதான் ஆட்டினார்.

"அவளுக்கு?" என்றார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட வாரேன்."

"என்ன வைக்கட்டும்?"

இங்கேதான் நான் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாக நினைத்தேன். எந்தத் திதியிலும் வராத, உயிரோடு இருக்கிறவர்கள் மட்டும் கேட்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். இத்தோடு இது தீரட்டும் என்று.

"சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் நிறையப் போட்டு ஒரு புளிக்குழம்பு வையுங்க. வத்தல் மிளகாய் அரைச்சு, நல்லாக் காரமா" என்றேன்.

அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. ஐப்பசியில் அழாதவருக்கு இப்போது கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துண்டால் துடைத்துக்கொண்டு, படத்தைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அதானே பாத்தேன். வெங்காயம் இல்லாம இத்தன நாளும் எப்படித்தான் தின்னியோ."